மூண்டு மடல் நாகதாளி

காட்டுக்குள்ள நடக்கிறதில எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. வெய்யிலில மினக்கெட்டுக் கல்லும் முள்ளும் பாக்கிறதுக்கு வெளிநாட்டிலயிருந்து ஆக்கள் காசு செலவழிச்சு வருகினமாம். வரட்டும். எனக்கு என்ர குசினிக்குப் பின்னால நிக்கிற முருங்கையும் கறிவேப்பிலையும் போதும். ஆனாலும் போன ஆவணியில ஒரு நாள், இந்த முழங்காலையும் வைச்சுக்கொண்டு, நெடுங்கேணிக்கு அங்கால இருக்கிற காட்டுக்குள்ள கால் கொப்பளிக்க நடந்தன். மச்சாளுக்காக நடந்தன் எண்டு சொல்லலாம். அண்ணனுக்காகவும்தான்.

மச்சாள் எண்டது என்ர அண்ணன்ர மனிசி. அவைக்கு முதல் பிறந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை. தவழத் தொடங்கியிருந்தது. சண்டைக்குப் பயந்து ஊர்ச்சனம் முழுக்கக் காட்டுக்குள்ள போய், அடுக்குக்கல் எண்டு சொல்லுற பாறைக்குப் பக்கத்தில தறப்பாள் கொட்டில் கட்டிக்கொண்டு இருந்த காலம் அது. அங்க மலேரியாக் காய்ச்சலில பிள்ளை செத்துப்போச்சு. மச்சாளுக்கும் அதே காய்ச்சல். அண்டைக்குத்தான் ஆமி அடிச்ச செல்லும் கிட்ட விழத் தொடங்கி, சனம் அங்கயிருந்தும் எழும்பினது. நினைவில்லாமல் கிடந்த மச்சாளை அயலாக்களோட ட்ராக்டரில ஏத்தி அனுப்பிப்போட்டு, அண்ணன் பிள்ளையோட பின்னுக்கு நிண்டவர். அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தவர். பிள்ளையைக் கல்லடியில, காலமை வெய்யில் படுற பக்கமாக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டன், காட்டுப் பண்டி கிண்டாமல் இருக்க மேல மூண்டு மடல் நாகதாளிக் கள்ளி நட்டுவிட்டனான் எண்டு சொன்னவர்.

மச்சாள் அதை நம்பேல்லை. அவா பிடிச்சுக்கொண்டு நிண்டது ஒரே ஒரு கேள்வியை. வீட்டில இருந்த ஒரே மண்வெட்டி தன்னோட ட்ராக்டரில வந்தது, அந்தக் கல்லுத் தரையில மனிசன் எதால கிடங்கு வெட்டினவர்? கத்தியாலயும் கையாலயும் எண்டு அண்ணன் சொல்லுவார். அதுக்கு மேல அவர் கதைக்கிறேல்லை. மச்சாளும் சண்டைக்குப் போறேல்லை. பிள்ளையை அப்பிடியே போட்டிட்டு உயிர் தப்பி ஓடி வந்திட்டு, தன்னை ஆத்திறதுக்கு ஒரு கதை சொல்லுறார் எண்டு மனசுக்குள்ள முடிவு கட்டினபடியே, அந்த மனிசனுக்குச் சோறு போட்டு, பிறகு ரண்டு பொடியளையும் பெத்து, அக்கராயனில வயல் செய்து குடும்பம் நடத்தினா. என்னட்டை மட்டும் ஒருக்கால் வாய் விட்டுச் சொன்னவா. அண்டையிலயிருந்து எனக்கு அவாவில கோவம். என்ர அண்ணன்ர சொல்லை நம்பாத ஆள் எண்ட கோவம். அந்தக் கோவத்துக்குக் கீழ இன்னொண்டும் கிடந்து குத்தும். உண்மையிலயே விட்டிட்டு வந்திருந்தால்? அந்த நாளையில எத்தினை பேர் விட்டிட்டு வந்தவை. ஆர் அவையைக் குறை சொல்லுறது?

எங்கட பக்கத்தில சின்னப் பிள்ளையளை எரிக்கிறேல்லை. தாழ்க்கிறதுதான். தாட்ட இடத்துக்கு மேல முள்ளு வெட்டிப் போடுறது வழமை. சூரை முள்ளு, காரை முள்ளு, கையில எது அம்பிட்டதோ அது. பண்டியும் நரியும் கிட்ட வராது. ஒரு மாரி பெய்ய முள்ளும் உக்கிப்போம், மண்ணும் இறுகிப்போம். உக்கிப்போகத்தானே வேணும், அதுக்காகத்தான் வெட்டின முள்ளு. உயிருள்ள முள்ளை ஒருத்தரும் நடுறேல்லை. அண்ணன் நட்டிருக்கிறார். அதுவும் நாகதாளி. கையை விரிச்ச மாதிரித் தட்டை மடல், மடல் முழுக்க முள்ளு, மஞ்சள் பூ, சிவத்தப் பழம். கடக்கரைப் பக்கமும் றோட்டோர வேலியளிலயும் நிக்கிற சாமான், நடுக்காட்டில முளைக்கிறேல்லை. ஆரோ விட்டிட்டு ஓடின வீட்டு வேலியில வெட்டிக்கொண்டு வந்தனான் எண்டு அண்ணன் சொன்னதுக்கும் மச்சாள் முகத்தைத் திருப்பினவா. செல்லு விழேக்க வேலியில செடி வெட்டப் போவினமோ எண்டு.

அண்ணன் செத்து ஆண்டுத் திவசம் முடிஞ்ச அண்டைக்கு, ஐயர் வெளிக்கிட்ட பிறகு, சாப்பிட்ட இலையளை அள்ளிக்கொண்டு நிக்கேக்க மச்சாள் சொன்னா, "இவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாச்சு. பிள்ளைக்குத் திவசம் இல்லையாம், அவ்வளவு சின்னனுக்குச் செய்யிறேல்லையாம். அப்ப அந்த இடத்தையாவது போய்ப் பாப்பம். நாகதாளி நிண்டால் நிக்கட்டும். நிக்காட்டில் நான் தெரிஞ்சுகொள்ளுறன்."

என்னத்தைத் தெரிஞ்சுகொள்ளப் போறா எண்டு நான் கேக்கேல்லை. தெரியும்தானே. செத்தவரை இனிப் போய்க் கேக்கேலாது. சாட்சிக்கு இருக்கிறது ஒரு கள்ளி.

என்ர மனிசன் அந்த ஊரில பிறந்தவர். இளந்தாரிக் காலத்தில தேன் எடுக்கவும் உடும்பு பிடிக்கவும் அந்தக் காடெல்லாம் உலாவினவர். கண்ணிவெடி எல்லாம் எடுத்து முடிச்சாச்சு, இப்ப சனம் விறகுக்குப் போய்வருது எண்டு விசாரிச்சு வைச்சிருந்தார். அவருக்கு இது ஒரு சுற்றுலா. தொப்பி, தோளில பை, கையில ஒரு கத்தி, கழுத்தில போன். பாரிஸில இருக்கிற மகளுக்குப் படம் அனுப்ப வேணுமாம்.

காட்டு வாசலில ஒரு பாலை மரம் நிக்குது. உள்ள போறவை ஆளுக்கொரு இலைக்குழை முறிச்சு அதில தொங்கவிட்டிட்டுத்தான் போறது, ஐயனாருக்கு. காஞ்ச குழையும் பச்சைக் குழையுமாத் தொங்குது. நான் பெரிய கொப்பா ஒண்டு முறிச்சுக் கொண்டு வந்தன். "இவ்வளவு பெரிசேன், ஐயனார் ஆடு வளக்கிறாரோ?" எண்டு இவர் கேட்டார். மச்சாள் சின்னதா ஒரு வீரைக் குழையை முறிச்சு, கொழுவிப்போட்டு, திரும்பிப் பாக்காமல் முன்னுக்கு நடந்தா.

முதல் கொஞ்ச நேரம் நிழல். பாலையும் வீரையும் முதிரையும். பிறகு மரம் குள்ளமாகி, நிலம் வெளிறி, கல்லுத் தலையள் ஒண்டொண்டா நிலத்துக்கு மேல எழும்பத் தொடங்கினது. வெய்யில் எண்டால் அப்பிடி ஒரு வெய்யில். மழை கண்டு மூண்டு நாலு மாசம். கல்லில கை வைக்க ஏலாது. இந்தக் கல்லில என்னத்துக்கு ஒரு செடி வந்து நிக்க வேணும் எண்டு எனக்கு விளங்கேல்லை. நிக்குது. வேற இடம் கிடைக்காததுகள் எல்லாம் இங்க வந்து குடியிருக்குது போல.

பிரண்டை ஒரு சொட்டு மண்ணில்லாத பாறைக்குக் குறுக்கால போயிருந்தது. தொட்டுப் பாத்தன். உள்ளுக்குத் தண்ணி. நான் வீட்டில சாடிக்குள்ள வைச்சு, நாளும் பொழுதும் தண்ணி ஊத்தின பிரண்டை அழுகிப் போனது எனக்கு ஞாபகம் வந்து எரிச்சலாக் கிடந்தது. கல்லு வெடிப்புக்குள்ள மருள் செடி கட்டுக் கட்டா நிண்டது. பாம்புத் தோல் மாதிரி வரி. அதில நார் எடுத்துத்தான் முந்தி எங்கட ஆக்கள் கயிறு திரிச்சவையாம். இப்ப கொழும்பில ஆக்கள் அதைச் சாடியோட வாங்கி விறாந்தையில வைக்கினம். சதுரக்கள்ளி ஆள் உயரத்துக்கு மேல, இலை ஒண்டும் இல்லாமல். இவர் கத்தியால சும்மா ஒரு தட்டுத் தட்டினார். பால் ஒழுகினது. "கண்ணில பட்டால் தெரியும்" எண்டு பேசினன். "உம்மட வாயில பட்டால்தான் நல்லம்" எண்டார். மச்சாள் கூடச் சிரிச்சா.

இப்பிடியே ஒவ்வொண்டாப் பாத்துப் பாத்து நடந்தன். இவர் படம் எடுக்கப் பாத்தார். நான் பாத்தது வேற. எனக்கு இந்தப் பாழ்பட்ட காட்டில ஒரு நாகதாளி வேணும். எங்க தட்டையாப் பச்சையா ஒண்டு தெரிஞ்சாலும் நெஞ்சு ஒருக்கால் துள்ளும். கிட்டப் போனால் மருள். இல்லாட்டில் காஞ்ச ஈச்சம் பத்தை. அண்ணன் நட்டது மூண்டே மூண்டு மடல். இத்தினை வருசம். யானை வாற காடு, வழியெல்லாம் லத்தி. கரடி புத்துத் தோண்டின இடம் வேற. நாகதாளி பட்டுப்போயிருந்தால் அண்ணன் பொய் சொன்னவர் எண்டு ஆகாது, செடி எத்தினை காரணத்துக்குச் சாகும். அதை மச்சாளுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு நடக்க நடக்க வசனம் கட்டிக்கொண்டு போனன். ஒண்டும் சரியா வரேல்லை.

மச்சாள் செடியளைப் பாக்கவே இல்லை. காலை மட்டும் பாத்து நடந்தா.

அடுக்குக்கல் தூரத்திலயே தெரிஞ்சது. பெரிய கல்லு ஒண்டு, அதுக்கு மேல சின்னன் ரண்டு. ஆரோ அலுமாரிக்கு மேல சாமான் அடுக்கின மாதிரி. கிட்டப் போகப் போகப் பழைய சீவியம் தெரிஞ்சது. கருகின அடுப்புக் கல்லு, மண்ணுக்குள்ள பாதி தாண்டு கிடந்த நீலத் தறப்பாள் துண்டு. மச்சாள் அந்தத் துண்டைக் காலால தள்ளிப் பாத்தா. தங்கட கொட்டில் எதில நிண்டதெண்டு தனக்கு ஒண்டும் தெரியேல்லை எண்டா. காய்ச்சலில கிடந்தவாக்கு என்ன தெரியும்.

கிழக்குப் பக்கத்துக்குச் சுத்திப் போனம். காலமை வெய்யில் படுற பக்கம்.

அங்க வெய்யிலே இல்லை. ஒரு கல்லித்தி மரம் நிண்டது. பாறை வெடிப்பில பிடிச்சு, வேரைக் கல்லைச் சுத்தி உருக்கி ஊத்தின மாதிரி இறக்கி, ஒரு வீடு கட்டுற அளவுக்கு நிழல் பரப்பிக்கொண்டு. நிழலுக்குக் கீழ சருகு. சருகுக்குள்ள நாலைஞ்சு மருள். வேற ஒண்டும் இல்லை. நாகதாளியும் இல்லை, அது நிண்டதுக்கு ஒரு அடையாளமும் இல்லை. நான் தடியால சருகைக் கிளறினன். இவர் முழங்காலில இருந்து கையால கிளறினார். மண்ணெண்டால் ஒரு சாண்தான், அதுக்குக் கீழ கல்லு.

"போதும்" எண்டா மச்சாள். "பாத்திட்டன்."

யானை மிதிச்சிருக்கும் எண்டு நான் தொடங்கினன். அவா கையைக் காட்டி மறிச்சா. கல்லித்தி வேரில குந்தி, பையைத் திறந்து, புட்டும் சம்பலும் கட்டின பாசலை எடுத்து எங்கள் ரண்டு பேருக்கும் நீட்டினா. "சாப்பிடுங்கோ, நேரம் போச்சு" எண்டா. அப்ப எனக்கு அவாவில வந்த கோவத்தை என்னெண்டு சொல்ல. அழுதிருந்தால் ஆத்தியிருப்பன். பேசியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பன். வழக்கு முடிஞ்ச கோர்ட்டில இருக்கிற ஆள் மாதிரி இருந்து புட்டுத் தின்னுறா. செத்துப்போன என்ர அண்ணன் கூண்டில நிக்கிறார்.

இவர் சாப்பிட்டிட்டுக் கை கழுவவெண்டு போனார். முந்தி அந்தப் பக்கம் கீழ ஒரு கல்லுக்கேணி இருந்தது, ஆடிக்கும் வத்தாது எண்டு சொல்லிக்கொண்டு சரிவில இறங்கினார். நிழலை விட்டு வெளியில போய் ஒரு பத்தைக்கு அங்கால மறைஞ்சார். பிறகு, "இஞ்சேர், இஞ்ச வாங்கோ ரண்டு பேரும்" எண்டு கூப்பிட்டார். அந்த மனிசன்ர குரலில பகிடி இல்லாததைக் கேட்டு எழும்பி ஓடினன்.

சூரைப் பத்தைக்கு அங்கால சரிவு முழுக்க நாகதாளி.

ஒண்டு ரண்டு இல்லை. கல்லித்தி நிழல் முடியிற இடத்திலயிருந்து கீழ வத்திக் கிடந்த கேணி வரைக்கும், மடலுக்கு மேல மடலா, நெஞ்சளவு உயரத்துக்கு. மஞ்சள் பூவும் சிவத்தப் பழமும். உள்ளுக்கு ஒரு முயல் போகலாம், மனிசர் போகேலாது. ஓரத்தில யானை மிதிச்சு உடைச்ச மடலுகள் கிடந்தது. விழுந்த மடலொண்டும் சாகேல்லை, கிடந்த இடத்தில வேர் விட்டு நிண்டது. கல்லித்தி வளர்ந்து நிழல் விழ, நாகதாளி வெய்யிலைத் தேடி ஒவ்வொரு மடலா இறங்கிப் போயிருக்குது. நட்ட இடத்தை விட்டிட்டுது, அவ்வளவுதான்.

இவர் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு நிண்டார். "இது காட்டுச் சாமானில்லை. ஆரோ கொண்டுவந்து வைக்காமல் இங்க வராது" எண்டார். எங்களுக்குத் தெரியாததோ. ஆனாலும் ஆராவது ஒருத்தர் அதை வாயால சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குச் சந்தோசம் வரும் எண்டுதான் நான் இத்தினை வருசமும் நினைச்சிருந்தனான். பாத்தியளோ, என்ர அண்ணன் சொன்னது என்ன எண்டு கேக்கிறதுக்கு எத்தினை விதமாக் கதை வைச்சிருந்தனான். மச்சாளைத் திரும்பிப் பாத்தன். கேக்க மனம் வரேல்லை.

அவா ஓரமாக் கொஞ்சத் தூரம் நடந்தா. திரும்பி வந்தா. மற்றப் பக்கமும் நடந்தா. "எதுக்குக் கீழ எண்டு சொல்லேலாது என்ன?" எண்டு கேட்டா.

"ஏலாது மச்சாள்" எண்டன். "மேல கல்லித்திக்குக் கிட்டவா இருக்கலாம். இந்த நடுவிலயாவும் இருக்கலாம்."

அவா தலையாட்டினா. பிள்ளைக்கெண்டு கொண்டுவந்த பால் போத்தலைத் திறந்து மணந்து பாத்தா. வெய்யிலுக்குத் திரைஞ்சிருந்தது. அதைக் கல்லில ஊத்திப்போட்டு, தண்ணிப் போத்தலால வெறும் போத்தலை அலம்பி, அந்தத் தண்ணியைக் கிட்ட நிண்ட ஒரு மடலடியில விட்டா. பிறகு தடியும் இல்லாமல், சீலைத் தலைப்பும் சுத்தாமல் கையை நீட்டி ஒரு மடலைப் பிடிச்சா. நான் மறிக்க முந்தியே பிடிச்சிட்டா. பெரிய முள்ளு காரியமில்லை, பிடுங்கலாம். மடலில இருக்கிற மயிர் முள்ளுத்தான் சனியன், கண்ணுக்குத் தெரியாது, நாள்க்கணக்கில நிண்டு குத்தும்.

அவாவைக் கல்லில இருத்தி, கையை என்ர மடியில வைச்சு, வெய்யிலுக்குப் பிடிச்சு ஒவ்வொண்டா நகத்தால எடுத்தன். இவர் எங்களை விட்டிட்டு அங்கால போய் நிண்டார். ஒரு படமும் எடுக்கேல்லை.

"கத்தியாலதான் வெட்டியிருக்கிறார்" எண்டா மச்சாள். கையைப் பாக்காமல் சரிவைப் பாத்துக்கொண்டு சொன்னா.

"ஓம்."

"நான் நம்பேல்லை எண்டு உம்மட அண்ணனுக்குத் தெரியுமோ?"

தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லுறதுக்கு வாயும் எடுத்தன். ஆனால் அவா அப்பிடித் திரும்பி என்ர முகத்தைப் பாக்கேக்க எனக்கு ஏலாமல் போச்சு. "தெரியும்" எண்டன். "வவுனியா ஆசுப்பத்திரியில கடைசியாக் கிடக்கேக்க என்னட்டைச் சொன்னவர். நீங்கள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம். தொடக்கத்திலயிருந்தே தெரியுமாம்."

அவா கையை இழுக்கேல்லை. நான் முள்ளு எடுத்துக்கொண்டிருந்தன்.

"தெரிஞ்சால் என்னை இங்க கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கலாமே. பாதை திறந்தும் எத்தினை வருசம். ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

இதைத்தான் நானும் ஆசுப்பத்திரியில அண்ணனைக் கேட்டனான். அவர் சொன்னதை அப்பிடியே சொன்னன்.

"பயந்தவர் மச்சாள். கூட்டிக்கொண்டு வந்து, நாகதாளி பட்டுப்போயிருந்தால், பிறகு உங்களுக்கு முன்னால எப்பிடி நிக்கிறது எண்டு பயந்தவர்."

மச்சாள் சரிவைப் பாத்தா. மேல கல்லித்தியடியிலயிருந்து கீழ கேணி வரைக்கும் முழுக்கப் பாத்தா. பிறகு முள்ளு ஏறின அந்தக் கையாலயே முகத்தைப் பொத்திக்கொண்டா.

"விசர் மனிசன்" எண்டா. "நாகதாளி எங்கயாவது பட்டுப்போறதோ?"